கனூவில் பிள்ளைக்கு ஓர் இடம்

ஸ்காபரோவில் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று வாரமாக ஒரே பேச்சு: கனூ.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள்தான் தொடங்கிவைத்தாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு அல்கொன்குவின் பூங்காவுக்குப் போகிறார்களாம். கனூவில் ஏறி ஏரி முழுக்கச் சுற்றுகிறார்களாம்.

"நாங்கள் மட்டும் ஏன் போறேல்லை அப்பா?"

அப்பாவிடம் பதில் இருந்தது. பிள்ளையிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. 1993-இல், எட்டு வயதில், ஓர் இரவு அவர் கிளாலி நீரேரியைப் படகில் கடந்தவர். யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறத் தரைவழி மூடிக் கிடந்த காலம். இருட்டில், விளக்கில்லாமல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சனங்கள் அந்த நீரைக் கடந்தார்கள். அன்றைக்குப் பிறகு அவர் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை.

மகளிடம், "பாப்பம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவே தேட ஆரம்பித்தார். அல்கொன்குவின் பூங்கா டொரொண்டோவிலிருந்து கிட்டத்தட்ட மூன்று மணி நேரக் கார்ப் பயணம். 1893-இல் உருவானது. 7,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடும் ஏரியும். உள்ளே பெரும்பகுதிக்குக் காரில் போக முடியாது. ஏரியில் துடுப்புப் போட்டு, அடுத்த ஏரிக்குக் கனூவைத் தோளில் சுமந்து நடக்க வேண்டும். இதற்குப் 'போர்ட்டேஜ்' என்று பெயர். அந்த மண்ணின் ஆதிக்குடிகள் பேர்ச் மரப்பட்டையில் கனூ செய்ததும் இதற்காகத்தான். மரப்பட்டைக் கனூ ஒருவரோ இருவரோ தூக்கிக்கொண்டு நடக்கும் அளவுக்கு லேசானது.

ஒரு கொப்பியில் கட்டம் போட்டு எழுதினார். 15 அடி, 16 அடி, 17 அடி. பிளாஸ்டிக் என்றால் 30 கிலோவுக்கு மேல். உழைக்கும், வாடகை குறைவு. கெவ்லார் என்றால் 20 கிலோ வரைக்கும்தான். வாடகை கூட, பாறையில் இடித்தால் கவனம் தேவை. நீளமானது நேராக ஓடும். குட்டையானது சுலபமாகத் திரும்பும். எழுதி எழுதி நான்கு பக்கம் நிறைந்துவிட்டது. முடிவுதான் வரவில்லை.

கொப்பியைப் பார்த்த அம்மா ஒரு பக்கத்தை அப்படியே அடித்தாள்.

"முதல் தரம் போறம். பிள்ளையும் இருக்கு. ஒருநாள் போய்ப் பின்னேரமே திரும்புவம். ஒரு ஏரி காணும். தூக்கிக்கொண்டு நடக்கப் போறேல்லை எண்டால் பாரத்தைப் பற்றி ஏன் யோசிக்கிறீங்கள்?"

உண்மைதான். தூக்கப் போவதில்லை என்றானதும் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மீதியைத் தீர்த்தவர் அப்பம்மா. மூலையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், தலை நிமிராமல் கேட்டார்:

"எல்லாம் சரி மோனை. அதிலை பிள்ளை எங்கை இருக்கிறது?"

யாழ்ப்பாணத்தில் இருப்பது என்றால் உட்காருவது. அப்பா கொப்பியைப் புரட்டினார். நான்கு பக்கத்தில் எங்கேயும் அது இல்லை. கனூவில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டே இருக்கைகள். நடுவில் குறுக்காக ஒரு மரச்சட்டம், தோளில் வைத்துத் தூக்குவதற்கு.

"உன்னை நான் கீழை, பலகையிலை, என்ரை முழங்காலுக்கு நடுவிலை இருத்தித்தான் கொண்டுவந்தனான். மேலை இருந்தால் ஆட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த இரவைப் பற்றி அந்த வீட்டில் அதுவரை யாரும் இவ்வளவுகூடப் பேசியதில்லை.

மே மாதம் போகலாம் என்றாள் மகள். அம்மா மறுத்துவிட்டாள். பனி உருகி அதிக நாளாகாத தண்ணீர் விறைக்க வைக்கும். விழுந்தால் நீச்சல் தெரிந்தவருக்கே கை கால் ஓடாது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை அதிகாலை நான்கு பேரும் புறப்பட்டார்கள்.

'கனூ ஏரி' என்றே பெயர் கொண்ட ஏரி. கரையில் வாடகைக் கனூக்கள் வரிசையாகக் கவிழ்த்திக் கிடந்தன. கடைப் பெண்ணிடம் அப்பா கேட்ட முதல் கேள்வி: "கவிழாத கனூ எது?"

அப்படி ஒன்று இல்லை என்று சிரித்தாள் அவள். ஆனால் இரண்டை இறக்கி, துறையோடு பிடித்துக்கொண்டு, ஏறிப் பார்க்கச் சொன்னாள்.

முதலாவதன் அடிப்பகுதி தட்டை. ஏறியதும் தரைபோல நின்றது. அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. இரண்டாவது 17 அடி. அடிப்பகுதி லேசாக வளைந்தது. கால் வைத்ததும் ஆடியது. அப்பா துறைக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அவள் விளக்கினாள். தட்டையானது அசையாத தண்ணீரில் நன்றாக நிற்கும். ஆனால் அலை வந்தால் அலையோடு சேர்ந்து சாயும். ஓர் அளவைத் தாண்டிச் சாய்ந்தால் சட்டென்று போய்விடும். வளைந்தது முதலில் ஆடும். சாயச் சாயத் தாங்கிப் பிடிக்கும். பிள்ளை சும்மா இருக்காது, தண்ணீரைத் தொட விளிம்பில் சாயும் என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, மகள் சாய்ந்து தண்ணீரில் கை விட்டாள். கனூ சரிந்தது. சரிந்த இடத்தில் நின்றது. பிறகு நிமிர்ந்தது.

அதையே எடுத்தார்கள். நீளமாக இருந்ததால் நடுச்சட்டத்துக்கு முன்னால் பிள்ளைக்குத் தாராளமாக இடம் இருந்தது. அடியில் ஒரு மெத்தைத் துண்டு போட்டார்கள். பின்னால் இருந்து துடுப்புப் போடுகிறவருக்குப் பிள்ளை எப்போதும் கண் முன்னால் இருக்கும்.

மிதவை அங்கியைப் போட்டு இறுக்கி, கடைப் பெண் அதன் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தாள். அங்கி காதுவரை ஏறியது. அளவு பெரிது. மகளின் எடைக்கு ஏற்றதாக, கால் இடுக்கு வாரோடு வேறொன்று கொடுத்தாள். அளவான அங்கி ஆளுக்கொன்று படகில் இருக்க வேண்டும் என்பது கனடாச் சட்டம். விசில், தண்ணீர் இறைக்க ஒரு வாளி, 15 மீட்டர் மிதக்கும் கயிறு எல்லாம் கூடவே வந்தன.

அப்பம்மா துறையில் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார். "கரையோடை போ மோனை. காத்து எழும்ப முதல் வந்திடு."

பத்து நிமிடம்தான் போயிருப்பார்கள். மோட்டார் படகொன்று தூரத்தில் போன அலை வந்து பக்கவாட்டில் மோதியது. கனூ ஆடியது. துடுப்பு அப்பாவின் கையில் அப்படியே நின்றுவிட்டது.

மகள் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்குப் பயமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"ஓம். கொஞ்சம்."

"அப்ப நீங்களும் கீழை இருங்கோ."

அவர் இருக்கையிலிருந்து மெல்ல இறங்கி முழங்காலில் அமர்ந்தார். அனுபவசாலிகளும் அலையில் அப்படித்தான் செய்வார்கள் என்பது அவருடைய கொப்பியிலேயே இருந்தது. பாரம் கீழே இறங்கியதும் கனூ அடங்கியது. முன்னால் அம்மா துடுப்பைத் தண்ணீரில் இறக்கினாள். அவரும் இறக்கினார்.

காற்று எழும்புவதற்குள் திரும்பிவிட்டார்கள். துறையில் அப்பம்மா எழுந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. பேத்தியைத் தூக்கி இறக்கிவிட்டு, ஈரமாயிருந்த மகனின் முழங்கால்களைப் பார்த்தார்.

"கீழைதான் இருந்தனியோ?"

"ஓம் அம்மா."

"அது காணும்" என்றார்.