ஈரத்துணியும் கரிக்கனலும்

கோவில்பதாகையில் எங்கள் வீட்டு வேம்படியில் தந்தையாரின் பழைய அம்பாசடர் நிற்கிறது. வங்காளத்து உத்தரபாராவில் உருவான அவ்வகைக் கார்களின் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. தந்தையார் மறைந்தபின், மனைப் பங்கீட்டால் அண்ணனுக்கும் எனக்கும் இடையே பேச்சும் நின்றுபோயிற்று.

ஒரு சித்திரை வெயிலில் ஆவடிக்குச் செல்லும் வழியில் கார் மறுத்து நின்றது. வேறு வழியின்றி அண்ணனை அழைத்தேன். வந்தவர் பெட்ரோல் பம்பின்மீது ஈரத்துணியைச் சுற்றினார்.

"சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. ஆறட்டும், அவசரப்பட்டால் கிளம்பாது."

காத்திருந்த வேளையில், "அம்மாவின் குக்கர் நினைவிருக்கிறதா?" என்றார்.

தந்தையார் கல்கத்தாவிலிருந்து வாங்கி வந்த இக்மிக் குக்கர் அது; 1910-இல் இந்துமாதவ் மல்லிக் என்னும் மருத்துவர் வடிவமைத்தது. அடியில் கரிக்கனல், மேலே அடுக்குப் பாத்திரங்கள். காலையில் மூடிவைத்தால் மதியத்திற்குள் சோறும் பருப்பும் தாமே வெந்திருக்கும்.

"திறந்து திறந்து பார்த்துப் பருப்பை வேகவிடாமல் செய்தவன் நீதானே!"

"அரைவேக்காட்டில் அள்ளித் தின்றவர் நீங்கள்தானே, அண்ணே!"

இருவரும் சிரித்துவிட்டோம்.

சூடு தணியவும் காத்திருக்க வேண்டும். சூட்டில் வேகவும் காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் பொறுமை ஒன்றுதான்.

கார் கிளம்பிற்று. மனையைப் பற்றி அன்று நாங்கள் பேசவில்லை. வரும் ஞாயிறு சாப்பிட வருவதாக மட்டும் அண்ணன் சொன்னார்.