மைதானத்திற்கும் வயது உண்டு

மனிதர்களுக்குப் பிறந்த நாள் கொண்டாடலாமா என்பது பற்றி நம்மிடையே பல கருத்துகள் உண்டு. அந்த விவாதத்திற்குள் நான் இப்போது நுழையப் போவதில்லை. ஆனால், ஒரு விளையாட்டு மைதானத்திற்கு ஆண்டு நிறைவு கொண்டாடுவோர் உலகில் இருக்கிறார்கள் என்றால் வாசக நேயர்கள் சற்று வியக்கக்கூடும்.

அமெரிக்காவில் இது பெரிய வழக்கம். அங்கே கால்பந்து என்று சொல்லப்படுவது, பந்தைக் கையில் ஏந்திக் கொண்டு ஓடும் ஓர் ஆட்டம். அந்த ஆட்டத்திற்கென்று கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தமக்குச் சொந்தமான மாபெரும் அரங்கங்களை எழுப்பியிருக்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அரங்கம் 1903ஆம் ஆண்டு கட்டப்பட்டது. 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் இன்று ஒரு லட்சத்திற்கும் அதிகமானோர் அமர்ந்து பார்க்கலாம். இத்தகைய அரங்கங்களுக்கு ஐம்பது, நூறு என்று ஆண்டுகள் நிறையும்போது, பழைய ரசிகர்கள் தம் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்று, தாம் அமர்ந்திருந்த இடத்தைக் காட்டுவார்கள்.

சிமெண்டுக்கும் புல்லுக்கும் விழாவா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கல்லூரி மைதானம் ஒன்றை அரை நூற்றாண்டுக் காலம் நெஞ்சில் சுமந்து திரிந்த ஒரு மனிதர் எங்கள் குடும்பத்திலேயே இல்லாதிருந்தால், இன்றும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அவர் என் தாய்மாமா. அந்த மைதானம் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானம்.

எங்கள் ஆர்.கே.பேட்டை தறிச் சத்தம் கேட்கும் ஊர். திருத்தணி மலைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டியிருப்பது. இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்ற முழுப் பெயரைச் சொல்ல நேரமில்லாமல் இரண்டு எழுத்துகளில் சுருக்கிக் கொண்டவர்கள் நாங்கள். தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் புழங்கும். ஆனால் கால்பந்து புழங்காது. பிள்ளைகள் கபடி ஆடுவார்கள், இப்போது கிரிக்கெட். இந்த ஊரிலிருந்து 1970களின் தொடக்கத்தில் பிழைப்புத் தேடி எர்ணாகுளம் சென்ற மாமா, பிராட்வே கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயது. அதுவரை கால்பந்தைக் கண்ணால் பார்த்தவரும் அல்லர்.

1973ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சந்தோஷ் கோப்பைப் போட்டிகள் அந்தக் கல்லூரி மைதானத்தில் நடைபெற்றன. மாநில அணிகளுக்கிடையே 1941ஆம் ஆண்டு முதல் நடந்து வரும் போட்டி அது. 1956இல் உருவான கேரள மாநிலம் அதுவரை ஒரு முறைகூட அந்தக் கோப்பையை வென்றதில்லை. அந்த ஆண்டு கேரள அணிக்குத் தலைவர் டி.கே.எஸ்.மணி, துணைத் தலைவர் கொச்சிக் கோட்டையைச் சேர்ந்த டி.ஏ.ஜாஃபர், கொல்லத்து நஜிமுதீன் முன்வரிசையில் ஆடினார். பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ், 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியில் இடம் பெற்றிருந்தவர். இன்றைய ஆட்டக்காரர்களைப் போல் கோடிகளில் ஊதியம் பெற்றவர்கள் அல்லர் அவர்கள். மணி உரத் தொழிற்சாலையிலும், ஜாஃபர் டயர் தொழிற்சாலையிலும் பணியாற்றிக் கொண்டு அந்நிறுவன அணிகளில் ஆடியவர்கள்.

டிசம்பர் 27ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே இரயில்வே அணி. கடைத்தெரு முழுவதும் அதே பேச்சு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரமே இருந்தது. ஊருக்குப் போகும்போது வீட்டுக்குத் துணிமணி வாங்கவென்று மாமா சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். அதிலிருந்து எடுத்து நுழைவுச் சீட்டு வாங்கிவிட்டார்.

கேரளம் 3–2 என்ற கணக்கில் வென்றது. மூன்று கோல்களையும் அணித் தலைவர் மணியே அடித்தார். மாநிலமே கொண்டாடியது. முதலமைச்சர் அச்சுத மேனோன் அவர்களின் அரசு மறுநாளை விடுமுறையாக அறிவித்தது. கடைக்கும் விடுமுறை கிடைத்த மகிழ்ச்சியில் மாமா நாள் முழுவதும் தெருத் தெருவாகச் சுற்றினாராம்.

பெருநாளுக்கு ஊர் வந்தபோது, தங்கைக்கென்று சொல்லியிருந்த பாவாடைத் துணி மட்டும் வரவில்லை. அந்தத் தங்கைதான் என் தாயார். “மணி அடித்த மூன்று கோலில் ஒன்று என் பெருநாள் பாவாடை” என்று அம்மா இன்றும் சொல்வார். மாமா சிரித்துக் கொள்வார்.

சிறு வயதில் நாங்கள் மாமாவைச் சுற்றி உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்போம். மூன்று கோல்களையும் விவரிக்கச் சொல்லி நச்சரிப்போம். அவர் ஒவ்வொரு முறையும் ஒரே விடைதான் சொல்வார்: “மூன்றில் நான் கண்ணால் பார்த்தது ஒன்றுதான். மற்ற இரண்டும் ஆள் மறைத்துவிட்டது. கூட்டம் போட்ட கூச்சலைத்தான் கேட்டேன்.” எங்களுக்கு அது பெரிய ஏமாற்றம். மூன்றையும் பார்த்ததாகச் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? தொலைக்காட்சி சென்னைக்கு வந்ததே 1975ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான். அந்த ஆட்டத்தைப் பார்த்தவர் எங்கள் ஊரில் வேறு எவரும் இல்லை. மறுத்துப் பேச ஆள் இல்லாத இடத்திலும் அவர் தம் சாட்சியத்தை ஓர் அங்குலம்கூட நீட்டவில்லை.

பிற்காலத்தில் நான் கல்லூரியில் வரலாறு படித்து, பின்னர் மதரஸாவில் ஆசிரியனானேன். ஒரு செய்தியை அறிவிப்பவர் தாமே கண்டாரா, பிறரிடம் கேட்டாரா, யாரிடம் கேட்டார் என்று துருவி ஆராய்ந்த ஹதீஸ் கலை அறிஞர்களின் உழைப்பைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய நேரங்களில், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மாமாவின் அந்த விடைதான். மார்க்கத்தின் செய்தியையும் ஒரு பந்தாட்டச் செய்தியையும் நான் சமமாக வைக்கவில்லை. ஆனால், கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லும் நாவு ஒன்றே அல்லவா?

2023ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த ஆட்டத்திற்கு ஐம்பது ஆண்டுகள் நிறைவடைய இருந்தன. அக்டோபர் மாதமே மாமா என்னை அழைத்து, “மாப்பிள்ளை, என்னை ஒரு முறை எர்ணாகுளம் கூட்டிக் கொண்டு போய் வா” என்றார். முழங்கால் வலியைக் காரணம் காட்டி அம்மா தடுத்தார். “ஐம்பது வருஷத்துக்கு ஒரு முறைதானே போகிறேன்!” என்றார் மாமா. அம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை.

அரக்கோணத்தில் இரயில் ஏறிச் சென்றோம். எர்ணாகுளம் முற்றிலும் மாறியிருந்தது. சந்திப்பு நிலையத்திற்கு அருகிலேயே மெட்ரோ இரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் மகாராஜா கல்லூரி. மைதானத்தின் பக்கத்திலேயே இறங்கலாம். 1875ஆம் ஆண்டு தோன்றிய அந்தக் கல்லூரியின் பெயரைப் பெட்டிக்குள் ஒலிபெருக்கி அறிவித்தபோது, மாமா தொப்பியைச் சரிசெய்து கொண்டார்.

மைதானத்தில் இன்று புல்வெளியைச் சுற்றிச் செயற்கை ஓடுதளம் இருக்கிறது. பெரிய ஆட்டங்கள் பலவும் 1996இல் திறக்கப்பட்ட கலூர் ஜவாஹர்லால் நேரு அரங்கிற்குப் போய்விட்டன. மாமா பார்வையாளர் வரிசையின் ஓரத்தில் நின்று, நெற்றியில் கை வைத்து, தாம் நின்ற இடத்தைத் தேடிக் கொண்டிருந்தார். அங்கே அவர் வயதையொத்த இருவர் அமர்ந்திருந்தனர். மாமாவின் பார்வையிலிருந்தே அவர்கள் புரிந்து கொண்டார்கள் போலும். “எழுபத்து மூன்றா?” என்று மலையாளத்தில் ஒருவர் கேட்டார். மாமா தலையசைத்தார். அவ்வளவுதான்; அறிமுகம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு ஒரு மணி நேரம் அந்த மூவருக்கும் நான் தேவைப்படவில்லை. மாமா கண்ட கோல் வடக்குக் கம்பத்தில் விழுந்ததா, தெற்குக் கம்பத்தில் விழுந்ததா என்று தொடங்கிய வழக்கு நீண்டு கொண்டே போயிற்று. மாமாவுக்கு ஆள் மறைத்த கோல் ஒன்றை அவர்களில் ஒருவர் பார்த்திருந்தார். அவர் எழுந்து நின்று, நடுங்கும் காலால் காற்றில் பந்தை உதைத்துக் காட்டினார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மாமா தம் இரண்டாவது கோலைப் பார்த்தார். அப்போது அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் வேறு எந்த விழாவிலும் கண்டதில்லை.

பின்னர் பேச்சு தணிந்தது. அவர்கள் ஜாஃபரைப் பற்றிச் சொன்னார்கள். பொன்விழா நாளைக் காணாமலேயே, அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் அவர் காலமாகியிருந்தார். தலைவர் மணி 2017இலும், நஜிமுதீன் 2022இலும் மறைந்துவிட்டனர். மாமா “இன்னா லில்லாஹி” என்று சொல்லி நெடுநேரம் புல்லைப் பார்த்துக் கொண்டிருந்தார். “நாமும் போய்விட்டால் இது வெறும் புல் தரைதானே” என்று மலையாளத்துப் பெரியவர் சொன்னது எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது.

ஆயினும், ஜாஃபரின் வாழ்க்கையே அந்தக் கவலைக்கு ஒரு விடையாக இருக்கிறது. 1973இல் வென்ற பிறகு கேரளம் அடுத்த கோப்பைக்குப் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1992ஆம் ஆண்டு நம் கோயம்புத்தூரில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் கேரள அணி கோவாவை 3–0 என்று வென்றது. அடுத்த ஆண்டு கொச்சியிலும் கோப்பையைத் தக்க வைத்துக் கொண்டது. இந்த இரு அணிகளுக்கும் பயிற்சியாளராக இருந்தவர் ஜாஃபர். தாம் கற்றதைத் தம் காலோடு முடித்துக் கொள்ளாமல், தம்மினும் இளைய கால்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் ஓய்ந்தார்.

2022ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், மலப்புறம் மாவட்டம் மஞ்சேரியில் கேரளம் ஏழாவது முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. அன்று ரமலானின் கடைசி நோன்பு. மறுநாள் பெருநாள் என்பதால் தராவீஹ் தொழுகையும் இல்லாத இரவு. ஆட்டம் 1–1 என்று சமநிலையில் முடிந்து, பெனால்டி உதைகளில் 5–4 என்று வங்காளத்தை வென்றார்கள். மாமாவின் பேரன் அதைக் கைப்பேசியில் அவருக்குக் காட்டினான். இம்முறை எல்லாக் கோல்களையும் அவர் கண்ணால் பார்த்தார். மீண்டும் மீண்டும் திருப்பிப் போட்டும் பார்த்தார். ஆனால், பேரன் அன்று கேட்டுக் கொண்டது வேறொன்றை: “நன்னா, நீங்கள் பார்த்த அந்த ஒரு கோலைச் சொல்லுங்கள்.”

இங்கேதான் நான் வாசக அன்பர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஓர் இடத்திற்கு ஆண்டு நிறைவு கொண்டாடுவதன் பொருள், கட்டடத்திற்கு வண்ணம் பூசுவதன்று. மேடை போட்டு மாலை அணிவிப்பதுமன்று. அதைக் கண்டவர் உயிரோடு இருக்கும்போதே, காணாதவரிடம் அதை ஒப்படைப்பதாகும். கண்டவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து கொண்டே வரும். நாம் பொன்விழாவுக்கென்று காத்திருக்கும்போது, பொன்னானவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் புறப்பட்டு விடுகிறார்கள்.

எர்ணாகுளத்திலிருந்து திரும்பிய பின், எங்கள் மதரஸாவில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் வயதில் மூத்தவர் எவரோ, அவரிடம் அவருடைய இளமைக் காலச் செய்தி ஒன்றைக் கேட்டு எழுதி வர வேண்டும். தாளின் நடுவில் ஒரு கோடு போட்டு, அவர் தாமே கண்டதை ஒரு பக்கமும், பிறர் சொல்லக் கேட்டதை மறுபக்கமும் எழுத வேண்டும் என்றேன். விளையாட்டாகத் தொடங்கியது, வியப்பாக முடிந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து நம் மாநிலத்தோடு இணைந்தபோது, தான் எந்த வகுப்பில் படித்துக் கொண்டிருந்தேன் என்பதை ஒரு சிறுமியின் பாட்டி சொல்லியிருந்தார். மற்றொரு பிள்ளையின் நன்னா, தெருவில் முதல் விசைத்தறி வந்து இறங்கிய நாளைச் சொல்லியிருந்தார். ஒரு சிறுவன் மட்டும் வெறும் தாளோடு வந்து நின்றான். “நன்னாவுக்கு இப்போது எதுவும் நினைவில்லை, ஹஜ்ரத்” என்றான். அந்த வெறும் தாளையும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நம் வீடுகளில் திண்ணையிலும் கட்டிலிலும் அமர்ந்திருக்கும் முதியவர்களிடம் நாம் பேசுவதெல்லாம் மருந்து குடித்தீர்களா, சாப்பிட்டீர்களா என்ற இரண்டு கேள்விகளே. அவர்களுக்குள்ளும் ஒரு மைதானம் இருக்கும். அவர்கள் மட்டுமே கண்ட ஓர் ஆட்டம் இருக்கும். இன்று இஷாத் தொழுகைக்குப் பின் கைப்பேசியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவர்கள் அருகில் அமர்ந்து மூன்றாவது கேள்வி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். முதியவர்களே, நீங்களும் கேட்கட்டும் என்று காத்திராமல் சொல்லத் தொடங்குங்கள். ஒன்றைத்தான் பார்த்தீர்கள் என்றால், ஒன்றை மட்டுமே சொல்லுங்கள். அதுவே எங்களுக்குப் போதும்.