கோமுகிக்கரை ஊரும் கரியராமர் மலையும்

நதிமூலமும் ரிஷிமூலமும் தேடிச் செல்லலாகாது என்பது பெரியோர் வழக்கு. அடியார்கள் அதனைப் பெரும்பாலும் கடைப்பிடித்தே வந்துள்ளனர். மாசிமகத்தன்று விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றங்கரையில் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்து, பழமலைநாதரையும் விருத்தாம்பிகையையும் தொழுது வீடு திரும்பும் கூட்டத்தில், இந்த ஆறு எந்த மலையிலிருந்து இறங்கி வருகிறது என்று கேட்பவர் சிலரே. கேட்டவர்க்கு விடை மேற்கே இருக்கிறது. கள்ளக்குறிச்சியைத் தாண்டி வானத்தின் விளிம்பில் நீலமாகத் தெரியும் கல்வராயன் மலை, மணிமுத்தாற்றுக்கும் அதனோடு வந்து கலக்கும் கோமுகி ஆற்றுக்கும் தாய்வீடு.

மணிமுத்தாற்றின் பெருமையைச் சைவ அன்பர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்து ஈசனிடம் பெற்ற பன்னீராயிரம் பொன்னை இந்த ஆற்றிலே இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்திலே எடுத்தார். எடுத்த பொன்னின் மாற்றுக் குறைந்திருந்ததும், பதிகம் பாடியபின் அது நிறைந்ததும், மாற்றுரைத்த விநாயகர் இன்றும் அந்தக் குளக்கரையில் சாட்சியாக அமர்ந்திருப்பதும் பாட்டிமார் பேரர்களுக்குச் சொல்லும் கதைகள். ஆற்றின் போக்கில் மேலும் சென்றால் கூடலையாற்றூர். மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கூடுமிடம். முதுகுன்றத்துக்கு வழி கேட்ட சுந்தரருக்கு முதியவராக வந்த இறைவன் கூடலையாற்றூர் வழியைக் காட்டி மறைந்த தலம். அந்நாயனார் அவதரித்த திருநாவலூர், 2019 நவம்பர் 26 அன்று உதயமான கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே அமைந்திருக்கிறது. ஆகவே, பிறந்த ஊரும் பொன் இட்ட ஆற்றின் தலைமடையும் இப்போது ஒரே மாவட்டத்துக்குள் வந்துவிட்டன. வருவாய்த் துறையார் இதை எண்ணி எல்லை வகுத்திருக்க மாட்டார்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் கச்சிராயபாளையம். வடக்கனந்தல் பேரூராட்சியைச் சேர்ந்த இந்தச் சிற்றூர் மலையின் காலடியில் ஒட்டிக் கிடக்கிறது. கடைத்தெரு பெரிதன்று. மளிகைக் கடைகள், உரக்கடைகள், தேநீர்க் கடைகள், பூக்கட்டும் பெண்கள், வெள்ளிமலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் மலைவாசிகள். ஊரின் எந்தத் தெருவில் நின்றாலும், அதன் முடிவில் மலை ஒரு திரைச்சீலை போலத் தொங்கும். அந்தத் திரையின் கீழே, ஊரைத் தாண்டிச் சிறிது தூரத்தில், 1960களில் கட்டப்பட்ட கோமுகி அணை. அணை என்று பெயர் பெற்றாலும் காண்பவர் கண்ணுக்கு அது மூன்று பக்கம் மலை சூழ்ந்த ஏரியே. பொட்டியம், கல்படை, பரங்கிநத்தம் முதலிய மலைச்சிற்றாறுகள் இதில் வந்து இறங்குகின்றன. முழு உயரம் 46 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 560 மில்லியன் கன அடி. மேட்டூரோடும் சாத்தனூரோடும் ஒப்பிட்டால் இது ஒரு செம்பளவு நீர்தான். ஆனால் ஏறத்தாழ 11,000 ஏக்கர் நிலம் அந்தச் செம்பை நம்பியே பயிர் செய்கிறது.

கோமுகி என்ற பெயரை ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கத் தோன்றும். இமயத்தில் பாகீரதி வெளிப்படும் பனிக்குகைக்குக் கோமுகம் என்று பெயர். நம் ஆலயங்களில் கருவறையின் வடபுறச் சுவரிலிருந்து அபிஷேக நீர் வெளியேறும் தூம்பும் கோமுகியே. லிங்கத் திருமேனியைத் தழுவிய பாலும் இளநீரும் சந்தனமும் அதன் வழியே வெளிவரும். அடியார்கள் கையேந்தித் தலையில் தெளித்துக்கொள்வர். பிரதோஷ காலத்தில் அதனைத் தாண்டாமல் திரும்பி வலம் வருவது முறை. இந்த ஆற்றுக்கு அப்பெயரை இட்டவர் யாராயினும், மலையைக் கருவறையாகவும் மழையை அபிஷேகமாகவும் கண்டவராக இருந்திருப்பார் என்று நினைப்பதில் பிழையில்லை.

ஊரின் ஆண்டு, பஞ்சாங்கத்தோடு அணையின் நீர்மட்டத்தையும் சேர்த்தே நகர்கிறது. சித்திரை, வைகாசியில் நீர் வற்றிச் சேற்றுத் தரை வெடித்துக் கிடக்கும். ஆடுமாடுகள் அதில் மேயும். ஆடியில் மலைமேல் இடி முழங்கினால் கீழே தேநீர்க் கடையில் பேச்சு மாறும். ஆடிப்பெருக்கன்று சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் கட்டுச்சோற்று மூட்டையோடு அணைக்கு வருகின்றன. சுமங்கலிகள் மஞ்சள் சரடு மாற்றிக்கொள்கிறார்கள்; காதோலை, கருகமணி, பூ, பழம் ஆகியவற்றை நீரில் விட்டுக் கும்பிடுகிறார்கள். காவிரிக்கரையில் செய்வதை இவர்கள் தங்கள் கோமுகிக்குச் செய்கிறார்கள். நீர் குறைவான ஆண்டுகளில் படித்துறைக்குக் கீழே வெகுதூரம் இறங்கிச் செல்ல வேண்டியிருக்கும். அப்போதும் யாரும் பூஜையை நிறுத்துவதில்லை.

ஐப்பசி அடைமழையில்தான் அணை நிறையும். பாதுகாப்புக் கருதி 44 அடிக்கு மேல் நீரைத் தேக்காமல், உபரியை ஆற்றில் விட்டுவிடுவது வழக்கம். சம்பாப் பருவத்துக்காக மதகு திறக்கும் நாளில் அதிகாரிகளும் விவசாயிகளும் கூடி, நீரில் மலர் தூவி வணங்குவர். வாய்க்கால் வழியே செல்லும் நீர் வழியிலுள்ள ஏரிகளை நிரப்பிக்கொண்டே போகும். நெல்லும் கரும்பும் அதனால் விளையும். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று கச்சிராயபாளையத்தில் இருப்பதால், அரைவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களின் வரிசை ஊரை நிறைத்துவிடும். பொங்கலன்று கிழக்கு மாவட்டங்களின் வாசல்களில் சாய்த்து நிற்கும் கரும்பைப் போற்றுபவர், அதன் சாற்றில் மலைமழை கலந்திருப்பதை அறிய மாட்டார்.

ஊர் வாழ்வின் மறுபாதி மலைமேல் இருக்கிறது. காலைப் பேருந்து வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது மலையின் விளைச்சலும் உடன் இறங்குகிறது: சாமை, தேன், புளி, மரவள்ளி, கடுக்காய். நெல்லிக்காய், தான்றிக்காயோடு சேர்ந்து திரிபலாவாகும் கடுக்காய்க்குக் கல்வராயன் மலை பெயர்பெற்றது. இரவு படுக்குமுன் திரிபலாச் சூரணம் உண்ணும் முதியோர் பலருக்கும் இம்மலையோடு தம்மையறியாத உறவு உண்டு. மாலைப் பேருந்தில் அரிசி, எண்ணெய், சோப்பு, பள்ளிக்கூட நோட்டு, நோயாளிக்கு வாங்கிய மருந்து எல்லாம் மேலே ஏறும்.

மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படுவோர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், கேரளத்தோடு தொடர்பில்லை. தமிழே இவர்தம் தாய்மொழி. இவர்களுடைய பூர்வகதை வைணவ அன்பர்கள் அவசியம் கேட்க வேண்டிய ஒன்று. தங்கள் முன்னோர் காஞ்சி மாநகரத்தார் என்கிறார்கள். அங்கே அவர்கள் வழிபட்ட தெய்வம் கரியராமர். காஞ்சியில் இருக்க மனமின்றி அத்தெய்வம் புறப்பட்டுவிட்டதாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூவர் குடும்பத்தோடு அதனைப் பின்தொடர்ந்தனர். வழி பிரிந்து ஆளுக்கொரு மலை ஏறினர். சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என எல்லா மலைகளிலும் இக்கதை வழங்குகிறது. எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

காஞ்சியை விட்டு இறைவன் புறப்பட்ட இன்னொரு நிகழ்ச்சியை நாம் அறிவோம். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன் நாடு கடத்தப்பட்டபோது, ஆழ்வார் உடன் புறப்பட, திருவெஃகாப் பெருமாள் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு அவர்கள்பின் நடந்தார். மன்னன் மன்னிப்புக் கேட்டபின் திரும்பி வந்து மீண்டும் பள்ளிகொண்டார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர் பெற்றார். அங்கே அடியார்பின் பெருமாள் சென்றார். இங்கே பெருமாள்பின் அடியார் வந்தனர். அவர் திரும்பினார். கரியராமர் திரும்பவில்லை. மலையின் சேலம் பகுதியில் அவர் கோயில்கொண்ட இடம் கரியகோயில் என்றே வழங்க, அங்கிருந்து இறங்கும் ஆறும் அதே பெயர் பெற்றது. கல்வராயன் மலையாளிகளுக்கு அவரே குலதெய்வம். அவர் முன்னிலையில் சொன்ன சொல்லுக்கு மறுசொல் இல்லை. காஞ்சிக்குக் கச்சி என்பது பழம்பெயர். மலைக்காலடி ஊரின் பெயரிலும் கச்சி வருவது தற்செயலாகவே இருக்கலாம். ஆனாலும் கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது.

இந்த அடியார்களை நாடு நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணதேவராயர் அளித்ததாகச் சொல்லப்படும் உரிமையின் பேரில், சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தார் மரபினரின் ஆளுகையில் மலை இருந்தது. தேசம் விடுதலை பெற்ற பின்னும் அது தொடர்ந்தது. 1976இல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தது. 1996இல்தான் மக்கள் முதன்முதலாக வாக்களித்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதனையொட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கு ஒன்றில்தான் இந்த ஆண்டுக் கணக்குகள் நாடறியப் பேசப்பட்டன. சாராயம் காய்ச்சும் மலை என்று ஒரே சொல்லில் ஒதுக்கப்பட்ட இடத்தில் சாலை உண்டா, மருத்துவமனை உண்டா, பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டா என்று நீதியரசர்கள் கேட்டனர். கச்சிராயபாளையத்துக் கடைத்தெருவில் இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. பிரசவ வலியோடு மலையிறங்கும் பெண்ணையும், மழையில் சாலை அறுந்தால் வராத பேருந்தையும் அந்த ஊர் பல ஆண்டுகளாகப் பார்த்தே வந்திருக்கிறது.

இங்கே அணைக்கரை மக்களுக்கு ஒரு நெருக்கடியும் உண்டு. மலையில் காடு நின்றால் நீர் மெதுவாக, தெளிந்து இறங்கும். காடு குறைந்தால் ஒரே இரவில் செம்மண் குழம்பாகப் பாய்ந்து, வண்டலை அணையின் அடியில் விட்டுப் போகும். வண்டல் ஏற ஏற, 46 அடி என்ற அளவுகோல் மாறாமலே அதனுள் நிற்கும் நீர் குறையும். அணை குறைந்தால் வாய்க்கால் குறையும், உபரியும் குறையும். உபரி இல்லையேல், கீழே விருத்தாசலத்தில் மாசிமகத்தன்று ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியோ குழாய் நீரிலோதான் தர்ப்பணம் முடிக்க வேண்டியிருக்கும். காசியினும் வீசம் அதிகம் என்று போற்றப்படும் ஆற்றங்கரையில் பல ஆண்டுகளாக மணலே மிகுதி. மலையில் காட்டைக் காத்துக் கடுக்காய் பொறுக்கிப் பிழைக்க ஒரு குடும்பத்துக்கு வழியுண்டா என்பதும், கீழே ஒருவர் தம் தந்தைக்கு எள்ளும் நீரும் இறைப்பதும் இவ்வாறு ஒரே நீரோட்டத்தில் கட்டுண்டு கிடக்கின்றன.

யாத்திரை செல்ல விரும்பும் பெரியவர்கள் ஆற்றின் போக்கிற்கு எதிராகச் செல்வது நலம். கூடலையாற்றூரில் தொடங்கி, விருத்தாசலத்தில் பழமலைநாதரையும் கொளஞ்சியப்பரையும் தரிசித்து, கள்ளக்குறிச்சி வழியாகக் கச்சிராயபாளையம் சேரலாம். வடக்கனந்தல் உமாமகேசுவரர் ஆலயத்தில் வணங்கி, மாலைக்குள் அணைக்கரையை அடைந்துவிடலாம். உடல்நலம் இடங்கொடுப்பவர்கள் மறுநாள் மலைமேல் வெள்ளிமலைக்கும், படகுத்துறையுள்ள கரியாலூருக்கும் செல்லலாம். கொண்டையூசி வளைவுகள் உண்டு. வெறும் வயிற்றில் ஏறாதிருப்பது நல்லது. கார்த்திகை, மார்கழியில் மூடுபனியும் குளிரும் அதிகம், கம்பளி அவசியம்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மாலைப் பேருந்து வழக்கத்தைவிட நிறைந்திருக்கும். நெற்றியில் நாமமிட்ட முதியவர்கள், துளசியும் தேங்காயும் வைத்த கூடையோடு பெண்கள், மடியில் உறங்கும் குழந்தைகள். நடத்துநருக்குப் பலரைப் பெயர் சொல்லியே தெரியும். அணைக்கரை வரும்போது, சன்னலோரம் இருப்பவர்கள் எட்டி நீர்மட்டத்தைப் பார்க்கிறார்கள். எத்தனை அடி என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் சொல்கிறார். பேருந்து முதல் வளைவில் திரும்ப, ஏரி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போய், மெல்லக் கீழிறங்கி, மரங்களுக்கிடையே மறைகிறது.