நிழலும் துணையும்

இளைஞருக்கென எழுதப்படும் ஆங்கில நாவல்களைப் பொழுதுபோக்கு நூல்களென ஒதுக்கிவிடும் வழக்கம் பல்கலைக்கழகத்தாரிடையே உண்டு. அவற்றுள்ளும், மந்திரவாதிகளும் சிறகுடைய நாகங்களும் உலவும் மாயப்புனைவுகள் வாழ்வை மறக்கச் செய்வன என்றும், பதின்ம வயதினரிடையேயான வன்முறையையும் வஞ்சகத்தையும் சித்திரிக்கும் இருண்மை நாவல்கள் இளம் மனத்தைக் கெடுப்பன என்றும் கூறப்படுவதுண்டு. இவ்விரு வகைகளையும் சார்ந்த மூன்று நாவல்களை அண்மையில் அடுத்தடுத்துப் படித்த வாசகன் ஒருவன் இக்கூற்றை ஏற்கத் தயங்குவான். மூன்றும் ஒரே வினாவையே எழுப்புகின்றன: தீமையை எதிர்ப்படும் இளைஞனின் பக்கத்தில் நிற்பவர் யார்?

முதலாவது, அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின் (1929–2018) எழுதி 1968 இல் வெளிவந்த ‘ஏ விசாட் ஒஃப் ஏர்த்சீ’ என்னும் மாயப்புனைவாகும். தீவுகளாலான கற்பனையுலகொன்றிலே, ஆடு மேய்த்துத் திரிந்த கெட் என்னும் சிறுவன் மந்திரக் கல்விக்கூடமொன்றிற் சேருகின்றான். சக மாணவன் ஒருவனின் ஏளனத்தைப் பொறாது, தன் ஆற்றலைக் காட்டுதற்பொருட்டு, இறந்தோரை அழைக்கும் வித்தையை நிகழ்த்துகின்றான். அப்போது திறந்த பிளவினூடாக உருவற்ற நிழலொன்று பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கின்றது. அப்பிளவை மூடிய முதிய தலைமை மந்திரவாதி உயிர் துறக்கின்றார். அதன் பின்னர் நிழல் கெட்டைத் துரத்துகின்றது. இறுதியில் அவனே திரும்பி நின்று அதனைத் துரத்தத் தொடங்குகின்றான். உலகின் எல்லையில் இருவரும் எதிர்ப்பட்டபோது ஒருவரையொருவர் ஒரே பெயரால் விளிக்கின்றனர். நிழலின் பெயரும் கெட் என்பதே.

பகைவனை எப்பொழுதும் வெளியே தேடிப் பழகிய வாசகனை இம்முடிவு திடுக்கிடச் செய்கின்றது. இங்கே பெரும்போர் இல்லை. வீழ்த்தப்பட வேண்டிய அரக்கனும் இல்லை. தன் ஆணவத்தைத் தன்னுடையதென ஏற்றுக்கொள்ளும் துணிவே வெற்றியாகின்றது. உலகை மறக்கச் செய்யும் நூல் இத்தகைய கணக்கை வாசகனிடம் கேட்பதில்லை.

ஆயினும் நூலை மூடிய பின்னர் வாசகன் நெஞ்சில் நீடித்து நிற்பவன் கெட் அல்லன். வெட்ச் என்னும் அவனுடைய தோழனே. அவ்வுலகில் ஒருவரது மெய்ப்பெயரை அறிந்தவர் அவர்மீது அதிகாரம் பெறுகின்றார். அதனால் எவரும் தம் மெய்ப்பெயரை எளிதில் வெளியிடுவதில்லை. கெட் தன்னம்பிக்கை இழந்து தனித்திருந்த வேளையில் வெட்ச் தன் மெய்ப்பெயரை அவனிடம் கூறுகின்றான். பின்னர், நிழலைத் தேடிக் கெட் செல்லும் கடைசிப் பயணத்தில், தானும் படகேறுகின்றான். நிழலோடு பொருதுவது அவனால் இயலாது. எனினும் எல்லாம் முடிந்த பின் கெட்டைக் கடலிலிருந்து தூக்கிப் படகில் ஏற்றுபவன் அவனே.

இரண்டாவது நாவல், றொபேட் கோமியர் (1925–2000) எழுதிய ‘த சொக்கலேற் வோர்’. 1974 இல் வெளிவந்த இந்நாவலில் மந்திரம் எதுவுமில்லை. கத்தோலிக்க ஆண்கள் பாடசாலையொன்றில், பதில் அதிபராகிய அருட்சகோதரர் லியோன் 20,000 சொக்கலேற் பெட்டிகளை வாங்கிவிடுகின்றார். ஒவ்வொரு மாணவனும் 50 பெட்டிகளை விற்றல் வேண்டும். அங்கு இயங்கும் இரகசிய மாணவர் குழுவொன்று, பத்து நாட்களுக்கு விற்பனையை மறுக்குமாறு ஜெரி என்னும் புதிய மாணவனைப் பணிக்கின்றது. பத்து நாட்கள் கழிந்த பின்னரும் அவன் மறுக்கின்றான். இம்முறை அது எவருடைய கட்டளையுமன்று. அவனுடைய சொந்த முடிவு. அதனை நிருவாகத்தாலும் பொறுக்க முடியவில்லை. இரகசியக் குழுவாலும் பொறுக்க முடியவில்லை. இறுதியில் மாணவர் திரள் சூழ்ந்து நிற்க, குத்துச்சண்டை என்ற பெயரில் ஜெரி அடித்து நொறுக்கப்படுகின்றான். தீமை செய்தோர் தண்டனையின்றித் தப்புகின்றனர்.

ஜெரிக்கும் ஒரு நண்பன் உண்டு. கூபர் என்னும் அவன் நல்லவன். நடப்பது அநீதியென உணர்ந்தவன். 27 பெட்டிகளோடு தன் விற்பனையை அவனும் நிறுத்திவிடுகின்றான். ஆனால், அவன் ஐம்பதையும் விற்றுவிட்டதாகப் பொய்க்கணக்கு அறிவிக்கப்பட்டபோது வாய் திறவாது விலகிச் செல்கின்றான். வாசகனை மிகவும் வருத்துவது லியோனின் கொடுமையன்று, கூபரின் இம்மௌனமே. கொடியவனை வெறுப்பது எளிது; கூபரை வெறுக்க முடிவதில்லை. அவனிடத்தில் வாசகன் தன் சாயலைக் காண்கின்றான்.

மூன்றாவதாகிய ‘ஐ ஆம் த சீஸ்’ (1977) கோமியரின் மற்றுமோர் ஆக்கம். சாட்சியமளித்த தந்தையின் பாதுகாப்பிற்காகப் பெயரும் ஊரும் மாற்றப்பட்ட குடும்பத்தில் வளர்ந்த அடம் என்னும் சிறுவனிடம் ஒருவர் கனிவோடு உரையாடி அவன் நினைவுகளை மீட்க முயலுகின்றார். அவர் நாடுவது சிறுவனின் நலத்தையன்று, அவனிடமுள்ள தகவலையே என்பது மெல்ல மெல்லப் புலனாகின்றது. துணை இல்லாமையினும் கொடியது பொய்த்துணை என்பதை இந்நாவல் உணர்த்துகின்றது.

இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. கெட்டின் வெற்றிக்கும் ஜெரியின் தோல்விக்குமிடையே உள்ள வேறுபாடு, மாயப்புனைவுக்கும் இருண்மை நாவலுக்குமுள்ள வேறுபாடு மட்டுமன்று. ஜெரி துணிவிற் குறைந்தவனல்லன். அவனுடைய படகில் இரண்டாமவன் ஏறவில்லை.

சொக்கலேற் நாவலின் முடிவை மாற்றுமாறு பதிப்பகங்கள் கேட்டபோது கோமியர் இணங்கவில்லை. பின்னர் அமெரிக்கப் பாடசாலைகள் சிலவற்றில் அந்நூலை நீக்குமாறு எதிர்ப்பும் கிளம்பிற்று. இளைஞருக்கு நம்பிக்கையூட்டாத நூல் எதற்கு என்பது எதிர்த்தோரின் வாதம். அவ்வாதத்தில் நியாயமில்லாமலில்லை. ஆயினும், ஜெரி வென்றிருந்தால் வாசகன் அவனைப் பாராட்டிவிட்டு நிம்மதியாக உறங்கியிருப்பான். ஜெரி வீழ்ந்தமையாலேயே, சூழ நின்று பார்த்தவர்களைப் பற்றி வாசகன் சிந்திக்க வேண்டியவனாகின்றான்.

இலங்கைப் பல்கலைக்கழக மாணவர்க்கு இச்சிந்தனை தொலைவிலுள்ள ஒன்றன்று. மூத்தோர் பணிக்க இளையோர் கீழ்ப்படிவதும், ஏனையோர் கண்டும் காணாதவராகக் கடந்து செல்வதும் பகிடிவதையின் இலக்கணமாகும். அதனைத் தடைசெய்யும் சட்டம் (1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கம்) நடைமுறையிலிருந்தும் அவ்வழக்கம் முற்றாக ஒழியவில்லை. சட்டம் குற்றஞ் செய்வோனைத் தண்டிக்கலாம். பாதிக்கப்பட்டவனின் அருகிற் சென்று நிற்குமாறு எவரையும் அது பணிக்க இயலாது. அதனை மாணவன் ஒருவன் தானாகவே செய்தல் வேண்டும். விடுதி முற்றத்தில் முதலாமாண்டு மாணவன் ஒருவன் தனியே நிறுத்தப்படும்போது, அவ்வழியாற் செல்பவன் கூபரைப் போல் விலகிச் செல்வானா, வெட்சைப் போல் அருகில் வந்து நிற்பானா என்பதை எந்த நாவலும் முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது.