ஏற முடியாத ஆனைமுடி

திங்கள், மாலை. மூணாறு

போடிமெட்டு வழியாக வந்தேன். ஏலக்காடு முடிந்து தேயிலை தொடங்கும்போதே குளிர். டீக்கடையில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவரிடம் ஆனைமுடிக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். "மேல விடமாட்டாங்கண்ணே. ராஜமலையில நின்னு பாத்துக்கலாம், மேகம் விட்டா."

2695 மீட்டர். தொட்டபெட்டாவைவிட 58 மீட்டர்தான் கூடுதல். ஆனால் தொட்டபெட்டா உச்சிவரை கார் போகும். இங்கே உச்சிக்குச் சாலையே கிடையாது. வனத்துறை அனுமதியில்லாமல் நடக்கவும் முடியாது. இதைவிட உயரமான நிலத்தை மிதிக்க இமயமலை வரை போகவேண்டும்.

செவ்வாய், காலை. ராஜமலை

வனத்துறை வண்டியில் ஏறினோம். கீழே கத்தரித்துவிட்ட தேயிலை, மேலே புல்வெளி, மலை மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைக்காடு. முடி தெரியுமுன் வரையாடு தெரிந்துவிட்டது. சாலையோரப் பாறையில் தாயும் குட்டியும், எங்களைச் சட்டைசெய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன. பிப்ரவரி, மார்ச்சில் இவை ஈனும் காலம் என்பதால் இந்த இரவிகுளம் பூங்காவையே மூடிவிடுகிறார்கள்.

வெயில் ஏறிய பிறகு மேகம் விலகியது. கூர்ச்சிகரம் ஏதுமில்லை, யானை மத்தகம் போல மழுங்கிய பாறை. பக்கத்தில் நின்றவர், "இதுதானா?" என்றார். போட்டோவுக்கு எடுபடாத மலைதான். அதனாலேயே எனக்குப் பிடித்துவிட்டது.

1862 மே மாதம் சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் ஏறியதைத்தான் முதல் ஏற்றமாகப் பதிந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மலைகளில் புழங்கும் முதுவர்கள் அதற்குமுன் ஏறாமலா இருந்திருப்பார்கள்? எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய், இரவு

ஹாமில்டன் வேட்டைப் பிரியர். அவருக்குப் பின் வந்த தோட்டத் துரைமாரும் அப்படியே. இரவிகுளத்தைத் தங்கள் வேட்டைக்காகவே தேயிலை போடாமல் விட்டுவைத்தார்கள். காவலுக்கு முதுவர்களை வைத்தார்கள். சுடுவதற்காகக் காத்த ஆடு, அந்தக் காவலாலேயே பிழைத்தது. 1971இல் அரசு சட்டம் கொண்டுவந்து நிலத்தை எடுத்துக்கொண்டது; 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர். இன்று இவ்வளவு வரையாடுகளை ஒரே இடத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. துரைமாருக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை, சொல்லாமலிருப்பதும் நேர்மையில்லை.

புதன், காலை

அதே தம்பியின் ஆட்டோ. ராஜமலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, கொட்டிய மழையில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லய வீடுகளை மூடியது. 70 உயிர்கள். "கயத்தாறு பக்கத்து ஆளுங்க நெறையண்ணே. தூங்கிட்டு இருந்தவங்க." அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வரையாடு ஈனும் மாதம் பார்த்துக் கதவடைக்கத் தெரிந்திருக்கிறது நமக்கு. அடைமழை மாதம் பார்த்து மலையடி லயத்தைக் காலிசெய்து, ஆட்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும்போது தம்பியே பேச்சை மாற்றினார். 2018இல் குறிஞ்சி பூத்த நேரம் பார்த்து வெள்ளம் வந்து சவாரியே இல்லாமல் போயிற்றாம். "அடுத்தது 2030ண்ணே. ரூமை முன்னாடியே சொல்லி வைங்க, அப்ப ரேட்டு எகிறிடும்."