தகுதித் தேர்வுக் கோப்பு

முனைவர் பட்டத் தகுதித் தேர்வுக்கு ஒரு வாசிப்புப் பட்டியலும் அதற்கான நியாயமும் கோப்பில் வைக்க வேண்டும். என் விஷயம் புதுக்கவிதை. சி.சு. செல்லப்பா 1962இல் தொகுத்த 'புதுக்குரல்கள்' போதும், 24 பேரின் 63 கவிதைகள், தேர்வாளருக்கும் சௌகரியம் என்றார்கள்.

எனக்குப் போதவில்லை. அவரே 1959முதல் 1970வரை நடத்திய 'எழுத்து'வைப் புரட்டினால், கவிதையை அடுத்து விமர்சனக் கட்டுரை, வாசகர் கடிதம், வாதம், எதிர்வாதம். தொகுப்பில் இந்தச் சச்சரவு உதிர்ந்து கவிதை மட்டும் மிஞ்சுகிறது. எதோடு மல்லுக்கு நின்றது என்று தெரியாத புதுமை, வெறும் பாடமாகிவிடுகிறது.

பட்டியலில் இதழ்களையே முதலில் வைத்திருக்கிறேன். நியாயம் ஒரே வரி: கவிதைகளை அவை பிறந்த சண்டைக்குள் வைத்துப் படிக்க விரும்புகிறேன். தேர்வாளர்களும் சண்டைக்கு வரட்டும்.