எட்டு மணி ஓசை

கொடுமுடியில் எங்கள் வீட்டில் ஈராண்டுகளாகக் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஒரு கைப்பேசி ஒலித்துவந்தது. அது எங்கள் மகனின் மாத்திரை வேளை. பதினாறாம் வயதில், கோவையில், அவனுக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. கொடுத்தவள் தாய்.

1954-இல் பாஸ்டன் நகரில் முதன்முதலாக வெற்றிகண்ட சிறுநீரக மாற்று, ஓருருவ இரட்டையரிடையே நடந்ததாம். ஆகவே வந்த உறுப்பை உடல் அயலாகக் கருதவில்லை. தாய்க்கும் மகனுக்கும் அந்தச் சலுகை இல்லை. ஈன்றவளின் உறுப்பையும் மகனின் உடல் அந்நியமென்றே எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கத்தான் டாக்ரோலிமஸ் மாத்திரை, பன்னிரண்டு மணிக்கொருமுறை. இரத்தத்தில் குறைந்தால் உடல் உறுப்பை மறுக்கும். மிகுந்தாலோ அம்மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் அவன் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றித் தந்தார். மணியடித்ததும் ‘உட்கொண்டேன்’ என்னும் பொத்தானை அவன் அழுத்த வேண்டும். அரைமணிக்குள் அழுத்தாவிடில் எங்கள் கைப்பேசிக்குச் செய்தி வரும். அவன் கல்லூரி விடுதிக்குச் சென்றபின் ஏழு மாதங்கள் ஒரு செய்தியும் வரவில்லை. நாங்கள் நிம்மதியாக உறங்கினோம்.

பரிசோதனை நாளில் இரத்தம் எடுத்தபிறகே காலை மாத்திரையை விழுங்க வேண்டும். அதைச் சட்டைப் பையில் முடிந்துகொண்டு, விடியுமுன் கோவைக்குப் புறப்படுவோம். அம்முறை மருந்தின் அளவு பாதியாக இறங்கியிருந்தது. கிரியேட்டினின் 1.1-இலிருந்து 1.8-க்கு ஏறியிருந்தது. திசு எடுத்துப் பார்த்தார்கள், மறுப்பு தொடங்கியிருந்தது. மூன்று நாள் ஊசி மருந்து ஏற்றினார்கள். மருத்துவர் எங்களை வெளியே அமர்த்திவிட்டு அவனோடு தனியே நெடுநேரம் பேசினார்.

திரும்பும் வழியில், ஈரோட்டில் இரயில் ஏறியபின் அவனே சொன்னான். “எட்டு மணிக்குத்தான் எல்லாரும் தேநீர்க் கடையில் இருப்போம். மாத்திரையைக் கண்டால் கேட்பார்கள். போட்டால் எழுதும்போது கையும் நடுங்குகிறது. பொத்தானை அழுத்தாவிட்டால் நீங்கள் உடனே அழைப்பீர்கள். அதனால் அழுத்திவிடுவேன், அப்பா.”

எங்களுக்குச் சினம் வந்தது. பின்னர் வெட்கமும் வந்தது. அக்கருவி அவன் மருந்தை அல்ல, எங்கள் கவலையைத்தான் காத்துவந்திருக்கிறது. கருவியைக் குறை சொல்ல மனம் வரவில்லை; அழுத்தியதை அது அப்படியே நம்பியது, நாங்களும் நம்பினோம். அமெரிக்காவிலும் கனடாவிலும், 11 முதல் 24 வயது வரையிலான சிறுநீரக மாற்றுப் பெற்றோர் 169 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. திறந்த நேரத்தைத் தானே குறிக்கும் மாத்திரைப் பெட்டியையும் குறுஞ்செய்தியையும் கொடுத்ததோடு நிற்காமல், மூன்று மாதத்திற்கொருமுறை ஒருவர் அவர்களோடு அமர்ந்து, எது தடையாயிருக்கிறது என்று கேட்டார். அந்த இளையோர் மற்றவர்களைவிட ஒழுங்காக மருந்துண்டனர். நாங்கள் அவனிடம் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. ‘போட்டாயா?’ என்று மட்டுமே கேட்டோம்.

செயலியிலிருந்து எங்கள் எண்ணை நீக்கிவிடுவதாக அவன் சொன்னபோது, “என் உடம்பிலிருந்து எடுத்தது, கண்ணு, எனக்குத் தெரிய வேண்டாமா?” என்று தாய் அழுதாள். அவன் பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் அவ்வீட்டில் அதைப்பற்றிப் பேச்சேயில்லை. கொடுத்தது இன்னும் யாருடையது என்பதை நாங்கள் இருவரும் தனித்தனியே எண்ணிக்கொண்டிருந்திருக்க வேண்டும். எட்டாம் நாள், நீக்கிவிடச் சொன்னவள் அவளே.

மருத்துவரிடம் கேட்டு வேளையை ஒன்பது மணிக்கு மாற்றிக்கொண்டான். தேநீர்க் கடை கலைந்து அறைக்குத் திரும்பும் நேரம் அது. கை நடுக்கத்தையும் அவனே சொல்லி, அளவைத் திருத்தச் செய்தான். இரத்தப் பரிசோதனை எண்களை அச்செயலியில் அவனே வரைபடமாகக் குறித்துவருகிறான். கிரியேட்டினின் 1.3-இல் நிற்கிறது; பழைய 1.1-க்குத் திரும்பவில்லை.

எங்கள் கைப்பேசிக்கு இப்போது எச்செய்தியும் வருவதில்லை. ஆயினும் இரவு எட்டு மணியானால் இருவரும் சுவர்க் கடிகாரத்தை ஏறிட்டுப் பார்க்கிறோம். பிறகு ஒன்பதுக்கும் ஒருமுறை.